தேடு டீசலும் உன் திங்கக்கிழமைப் பக்கமும்

கண்ணு, இதைப் போன்லயே சொல்லிடலாம்னு நேத்துலருந்து நாலு வாட்டி போனைக் கையில எடுத்தேன். நாலு வாட்டியும் உன் குரலைக் கேட்டதும் "சாப்ட்டியா"ன்னு கேட்டுட்டு வச்சிட்டேன். கடைசி வாட்டி நீயே, "இன்னாம்மா, நேத்துலருந்து சாப்ட்டியா சாப்ட்டியான்னு கேக்குற, எதனா பிரச்னையா"ன்னு கேட்ட. ஒண்ணும் இல்லடான்னேன். பொய். எனக்குப் பயமா இருக்குது. எழுத்துகூட கோணல்மாணலா வருது. எழுதி முடிச்சதும் ஒவ்வொரு பக்கமா போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புறேன். மேல நம்பர் போட்டிருக்கேன், வரிசையாப் படி. பாதியில நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணாத. முழுசாப் படிச்சிட்டுப் பண்ணு, இல்ல பண்ணாமப் போ, அது உன் இஷ்டம். ஆனா உன் ஆபீஸ்ல அந்தப் பக்கத்தை திங்கக்கிழமை வெளிய விடப் போறன்னு சொன்னியே, அதுக்கு முன்னாடி படிச்சிடு.

அந்தப் பக்கத்தைப் பத்திதான் சொல்ல வரேன். போன வாரம் நீ லீவுல வந்திருந்தப்போ நான் உட்கார்ந்து இறால் உரிச்சிக்கினு இருந்தேன், நீ எதிர்ல லேப்டாப்பை மடியில வச்சிக்கினு தட்டிக்கினே இருந்த. "அப்படி இன்னாதான்டா வேலை உனக்கு, நம்ம லைட்ஹவுஸ் குப்பத்துல பாதிப்பேர் என்னைக் கேக்குறாங்க, கம்ப்யூட்டர்னு சொன்னா உடமாட்டேங்குறாங்க"ன்னு கேட்டேன். நீயும் பொறுமையா சொன்ன. பெரிய பெரிய ஆபீஸ், ஆஸ்பத்திரி, எல்லாரோட விவரமும் எங்கியோ ஒரு இடத்துல சேர்த்து வச்சிருக்காங்க. அது ஒரு கிடங்கு மாதிரி. அதுல இடம் ஒதுக்க, நகல் எடுத்து வைக்க, வேண்டாததைத் தூக்கிப் போட, ஒரு கருவி இருக்குது. முன்னாடி அதை மனுஷன் உட்கார்ந்து ஓட்டுவான். இப்ப ஏஐ ஏஜென்ட்டுன்னு ஒண்ணு ஓட்டுது. அந்த ஏஜென்ட்டு படிச்சுப் புரிஞ்சுக்கிறதுக்கு, கருவியை எப்படி ஓட்டணும்னு எழுதித் தர்றதுதான் உன் வேலைன்னு சொன்ன. எனக்கு அவ்வளவு பெருமை. நானும் மீனவர் சங்கத்து ஸ்டோர்காரி, என் புள்ளையும் ஸ்டோர் வேலைதான்னு நினைச்சேன். "எனக்குப் படிச்சுக் காட்டுடா, தமிழ்ல சொல்லு"ன்னேன்.

நீ படிச்ச. இடம் பத்தலைன்னா இன்னா பண்ணணும்னு ஒரு இடம் வந்துது. பழைய நகலையெல்லாம் முதல்ல அழிச்சிடு, ரொம்ப நாளா யாரும் தொடாததை எடுத்துடுன்னு எழுதியிருந்த. நான் இறாலைக் கீழ வச்சிட்டேன். "ஏன்டா, யாரும் தொடலைன்னா வேண்டாததுன்னு அர்த்தமா? எதுக்கோ எடுத்து வச்சது அதுல இருந்தா?"ன்னு கேட்டேன். நீ சிரிச்ச. "அதுக்கெல்லாம் பேருக்கு முன்னாடி ஒரு அடையாளம் போட்டிருப்போம்மா. எல்லாமே நாசமாப் போனா அதுலருந்துதான் திரும்ப எடுக்கணும், அதைத் தொடக்கூடாது"ன்ன. "அது இந்தப் பக்கத்துல எங்க எழுதியிருக்குது?"ன்னேன். அதுக்கு நீ சொன்ன பாரு, "அது எதுக்கும்மா எழுதணும், எங்க டீம்ல எல்லாருக்கும் தெரியும்."

நான் அப்பவும் விடலை. சந்தேகம் வந்தா அது யாரைக் கேட்கும்னேன். கேட்காதும்மா, சும்மா கேட்டுக்கினே இருந்தா கருவியை வாங்கினவங்களுக்கு எரிச்சலா இருக்கும், கேட்காம வேலையை முடிக்கிறதுக்குன்னே ஒரு ஆப்ஷன் இருக்குது, நான் எழுதின எடுத்துக்காட்டு எல்லாத்துலயும் அதையே போட்டுட்டேன், அது அப்படியே பார்த்துக் காப்பியடிக்கும், வேலை சட்டுனு முடியும்னு சொன்ன. நான் எழுந்து உள்ள போயிட்டேன். உன்கிட்ட இறால் வாசனைல தலைவலின்னு சொன்னேன். இத்தனை வருஷமா இறால்ல பொழைக்கிறவளுக்கு இறால்ல தலைவலியாம், நீயும் நம்பி மாத்திரை வாங்கினு வந்த. உள்ள போயி அரிசி மூட்டை மேல உட்கார்ந்துக்கினு வாயைப் பொத்திக்கினு இருந்தேன்.

இப்ப நான் சொல்லப் போறது உங்க நைனா செத்ததைப் பத்தி. உனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சிக்கினு இருக்க. உனக்குத் தெரிஞ்சது இதுதான்: நீ ஒன்பதாவது படிக்கும்போது உங்க நைனாவோட போட்டு கடல்ல கவுந்துது, தேடிப் போறதுக்கு ஸ்டோர்ல டீசல் இல்லை, காட்டூர்லருந்து வந்த சேகர்னு ஒருத்தர் அதைத் தீர்த்துட்டார், அதனால உங்க நைனா செத்துட்டார். ஊரும் இதைத்தான் சொல்லுது. நானும் இதைச் சொல்லவிட்டுட்டு வாயை மூடிக்கினு பதிமூணு வருஷம் ஓட்டிட்டேன்.

தேடு டீசல்னா இன்னான்னு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் எழுதறேன். இனிமே எல்லாருக்கும் தெரியும்னு எதையும் எழுதாம விடறதா இல்லை. நல்லா மீன் பட்ட அன்னிக்கு ஒவ்வொரு போட்டுக்காரரும் ஸ்டோருக்கு வந்து ஒரு சொம்பு டீசல் ஊத்திட்டுப் போவாங்க. ஜன்னல் ஓரமா ஏழு கேன், கைப்பிடியில பழைய வலைத்துண்டு முடிஞ்சிருக்கும். எதனா போட்டு திரும்பி வரலைன்னா, தேடப் போறவங்களுக்கு மட்டும்தான் அது. வேற எதுக்கும் ஒரு சொட்டு எடுக்க மாட்டாங்க. கெட்டுப் போகாம இருக்க வருஷத்துக்கு ரெண்டு வாட்டி மாத்தி ஊத்துறதோட சரி. நம்ம குப்பத்துல நடக்கத் தெரிஞ்ச குழந்தைகூட அந்த வலை முடிஞ்ச கேன்ல கால் வைக்காது. யாரும் யாருக்கும் சொல்லித் தந்தது கிடையாது. வாயால சொல்லாததை எழுதி வைக்கணும்னு எவனுக்குத் தோணும்?

எனக்கும் தோணலை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஒரு மாசம் ஸ்டோரைப் பார்த்துக்க ஆள் வேணும்னு சங்கத்துல தேடினாங்க. நம்ம ஆளுங்க யாருக்கும் உட்கார்ந்து சாவிக்கொத்தை ஆட்டுற வேலை புடிக்கலை. அப்பதான் சேகர் வந்தார். முப்பது வயசு இருக்கும். காட்டூர்ல உரக்கடைல ஸ்டோர் பார்த்தவர், ஒழுங்கானவர், சொன்னதைச் சொன்னபடி செய்யிறவர். கடல் பக்கம் வந்ததே கிடையாது. போட்டுல ஏறச் சொன்னா வாந்தி எடுப்பார்னு உங்க நைனா கிண்டல் பண்ணுவார்.

அவருக்காக நோட்டுல மூணு பக்கம் எழுதினேன். எவ்வளவு திமிரா எழுதினேன் தெரியுமா? எந்த சாவி எந்தப் பூட்டுக்கு, யார் கையெழுத்துப் போட்டா டீசல் தரணும், ஐஸ் பெட்டியை எப்படி அடுக்கணும், லைஃப் ஜாக்கெட் எத்தனை, எஞ்சின் சாமான் எந்த அலமாரி, எல்லாம். உங்க நைனா என்னைக் கலெக்டரம்மான்னு கூப்பிடுவாரே, அன்னிக்கு நோட்டைப் பார்த்துட்டு, "கலெக்டரம்மா ஆர்டர் போட்டாச்சு, இனிமே சேகர் பாடு திண்டாட்டம்தான்"னு சிரிச்சார். அந்த நோட்டுல நான் இப்படி ஒரு வரி எழுதினேன்: "பழைய டீசல் முதலில் போக வேண்டும். நாள்பட்ட கேன்களை டிரம்மில் ஊற்றிக் காலி செய்யவும். புதியதில் கைவைக்கக் கூடாது." தப்பான வரி இல்லை. டீசல் நாள்பட நின்னா அடியில தண்ணி சேரும், எஞ்சினை அடைச்சிக்கும். எந்த ஸ்டோர்லயும் அதான் வழக்கம். ஜன்னல் ஓரத்து ஏழு கேனைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை எழுதலை. அந்த மூணு பக்கத்துல ஒரே ஒரு வரி சேர்த்திருந்தா போதும்.

நான் ஆஸ்பத்திரியில இருக்கும்போது புயல் எச்சரிக்கை போட்டாங்க. நாலு நாள் யாரும் கடலுக்குப் போகலை. ஸ்டோர்ல வேலை இல்லை, சேகருக்கு சும்மா உட்கார முடியலை. நோட்டை எடுத்துப் படிச்சிருக்கார். நாள்பட்ட கேன் எதுன்னு பார்த்திருக்கார். தூசு புடிச்சு, கைப்பிடில பழைய வலைத்துண்டு சுத்தி, யாரும் தொடாம கிடந்தது அந்த ஏழுதான்.

இனிமேதான் நான் யார்கிட்டயும் சொல்லாதது. அவர் உடனே ஊத்தலை. எனக்குப் போன் பண்ணார். ஆபரேஷன் ஆகி மூணாம் நாள், வயித்துல தையல், பக்கத்துப் படுக்கையில ஒரு அம்மா ஓயாம முனகிக்கினு இருக்குது, தூக்கமே இல்லை. போனை எடுத்தா, "அக்கா, நான் சேகரு, அந்தப் பழைய கேனு விஷயமா"ன்னு ஆரம்பிச்சார். அதுக்கு முன்னாடியும் சாவி எங்க, ரசீது புக்கு எங்கன்னு ரெண்டு வாட்டி பண்ணியிருந்தார். எனக்குப் பொத்துக்கினு வந்துது. "யோவ், உனக்கு அறிவு கீதா இல்லையா? நோட்டுல இன்னா எழுதியிருக்குதோ அதைச் செய்யி. எழுதினது எதுக்கு, நாக்கு வழிக்கவா? இனிமே போன் பண்ண, நடக்குறதே வேற"ன்னு கத்திட்டு வச்சிட்டேன். முழுசா ஒரு வாக்கியம் பேச விடலைடா அவரை. அவர் கேட்க வந்தார். கேட்க வந்தவர் வாயை நான் அடைச்சேன்.

அவர் ஏழு கேனையும் டிரம்ல ஊத்தினார். வலைத்துண்டை அவிழ்த்துக் குப்பையில போட்டுட்டு, கேனையெல்லாம் கழுவி வரிசையா கவுத்து வச்சார். சுத்தமா, அழகா. அஞ்சாம் நாள் எச்சரிக்கையை எடுத்தாங்க, விடியக்காலமே எல்லாப் போட்டும் அந்த டிரம்முலருந்து புடிச்சிக்கினு கெளம்பிடுச்சு. நாலு நாள் பட்டினி, எல்லாருக்கும் அவசரம், ஜன்னல் ஓரம் யார் திரும்பிப் பார்த்தா? உங்க நைனாவும் அதுலருந்துதான் புடிச்சிக்கினு போனார். அவரும் ஏழுமலை மாமாவும்.

பத்து மணிக்கு எல்லாரும் வந்துட்டாங்க, அவங்க ரெண்டு பேரும் வரலை. பதினோரு மணிக்குத் தேடக் கெளம்பணும்னு ஆளுங்க ஸ்டோருக்கு ஓடி வந்தா, ஏழு கேனும் தலைகீழா நிக்குது. டிரம் காஞ்சு கெடக்குது. புயல்ல கம்பம் சாஞ்சு பழவேற்காடு பங்க்ல கரண்ட் இல்லை, பம்பு ஓடலை. ரோட்டு மேல தண்ணி, லாரி வரலை. அந்த மாதிரி நாளைக்குன்னே சேர்த்து வச்சது அது. ஒவ்வொரு போட்டுலயும் அடியில கிடந்ததை வடிச்சு ஒரே ஒரு போட்டு போச்சு. வலை போட்ட இடம் வரைக்கும் போயிட்டு, டீசல் பத்தாம திரும்பிடுச்சு. வாடைக்காத்து தெற்கால இழுத்துக்கினு போயிருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். தெற்கால போகத்தான் வழி இல்லை.

அப்ப சேகர் இன்னா பண்ணார்னு உனக்கு ஊர்ல யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பைக்கை எடுத்துக்கினு, முட்டிக்கால் தண்ணியில தள்ளிக்கினே காட்டூர் போயி, அங்க டிராக்டர்காரங்க கால்ல விழாத குறையா கெஞ்சி, நாலு கேன் டீசல் கொண்டு வந்தார். சாயங்காலம் நாலு மணி ஆயிடுச்சு. கேனை இறக்கி வச்சதும் வச்சவர் கன்னத்துலயே ஒருத்தன் அறைஞ்சான். அந்த டீசல்லதான் மூணு போட்டு தெற்கால போச்சு. இருட்டற வரைக்கும் தேடிட்டு வந்துட்டாங்க. மறுநாள் காலையில தெற்கால காட்டுப்பள்ளி பக்கத்து ஆளுங்க ஏழுமலை மாமாவை மட்டும் உசுரோட தூக்கினாங்க. கவுந்த போட்டைப் புடிச்சிக்கினு மிதந்திருக்கார். உங்க நைனா வெயில் சாயற வரைக்கும் பக்கத்துல பேசிக்கினு இருந்தாராம். "தேடு டீசல் கீது, வந்துடுவானுங்க, கையை உடாத"ன்னு மாமாவுக்குத் தைரியம் சொல்லிக்கினே இருந்தாராம். மாமா இதை என்கிட்ட சொல்லும்போது நான் அழலை. எனக்கு அழ யோக்யதை இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

ஊர்க்கூட்டம் போட்டாங்க. சேகரை நடுவுல நிக்க வச்சாங்க. யார் சொல்லி ஊத்தினன்னு கேட்டாங்க. நான் ஆஸ்பத்திரியிலருந்து பாதியில வந்துட்டு, தையல் வலியோட ஒரு ஓரமா பொம்பளைங்களோட உட்கார்ந்து இருக்கேன். இப்ப சொல்லிடுவார், அந்தம்மாதான் எழுதினாங்க, கேட்டதுக்குத் திட்டினாங்கன்னு சொல்லிடுவார்னு பார்த்துக்கினே இருக்கேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தெரியாம பண்ணிட்டேங்க"ன்னார். அவ்வளவுதான். ரெண்டு பேர் அடிச்சாங்க, வேலையை உட்டு அனுப்பினாங்க. நான் எழுந்திருக்கலை. முதல் நாள் எழுந்திருக்கலைன்னா அப்புறம் எந்த நாளும் எழுந்திருக்க முடியாதுடா கண்ணு. அடுத்த நாள் இன்னும் கஷ்டம், அதுக்கு அடுத்த நாள் அதைவிட. ரெண்டு வருஷம் கழிச்சு பொன்னேரி பஸ் ஸ்டாண்டுல அவரைப் பார்த்து நீ கல்லை எடுத்து அடிச்சியே, புருவத்துல ரத்தம் வந்துதே, நான் இன்னா பண்ணேன்? "வா, பஸ்ஸு வந்துடுச்சு"ன்னு உன் கையைப் புடிச்சு இழுத்துக்கினு போனேன்.

இப்ப புரியுதா நான் ஏன் அரிசி மூட்டை மேல போயி உட்கார்ந்தேன்னு? நீ படிச்ச ஒவ்வொரு வரியும் என் நோட்டுல இருந்த வரி. பழசை முதல்ல எடு. நாள்பட்டதைக் காலி பண்ணு. கேட்காம முடி. அடையாளம் எல்லாருக்கும் தெரியும். உன் ஏஜென்ட்டு சேகர் மாதிரிதான்டா. ஒழுங்கா, சுறுசுறுப்பா, நீ எழுதினதை எழுதினபடி செய்யும், கழுவிக் கவுத்துகூட வைக்கும். ஆனா அது நம்ம குப்பத்து ஆள் இல்லை. வலைத்துண்டைப் பார்த்தா அதுக்குக் குப்பைன்னுதான் தோணும். ஆஸ்பத்திரிக்காரங்ககூட இதை வாங்கியிருக்காங்கன்னு நீயே சொன்ன. ஒரு நாள் அங்க எல்லாம் கெட்டுப் போயி, எந்த நோயாளிக்கு இன்னா மருந்துன்னு தெரியாம, எடுத்து வச்ச நகலுக்கு ஓடுவாங்க. அங்க ஏழு கேனும் தலைகீழா நிக்கும். அங்க எவனோ ஒருத்தன் இன்னொருத்தனுக்கு, வந்துடுவாங்க வந்துடுவாங்கன்னு தைரியம் சொல்லிக்கினு இருப்பான். கருவி மேல பழியைப் போட்டுட்டு, நான் சரியாத்தான் எழுதினேன்னு நீ சொல்லுவ. நானும் சரியாத்தான்டா எழுதினேன்.

எனக்கு உன் வேலை தெரியாது. ஆனா ஒரு ஸ்டோரை எப்படி நம்பி ஒப்படைக்கணும்னு ரொம்ப லேட்டா தெரிஞ்சிக்கினேன். உங்க டீம்ல எல்லாருக்கும் தெரிஞ்சது இன்னா இன்னான்னு உட்கார்ந்து யோசிச்சு, அதையெல்லாம் முதல்ல எழுது. பேசவே பேசாத விஷயம்தான் எழுத வேண்டிய விஷயம். அந்த அடையாளம் போட்ட நகலைத் தொடக்கூடாதுன்னு எழுது, ஏன் தொடக்கூடாதுன்னும் எழுது, காரணம் தெரிஞ்சாதான் நீ எழுதாம விட்ட இடத்துலயும் அது சரியா நடக்கும். உங்க நைனாவுக்குப் படிப்பு கிடையாது, ஆனா யார்கிட்ட எஞ்சினைக் கொடுத்தாலும், ஓட்டுறது எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி, "இங்க கை வச்சா கை போயிடும், அப்புறம் கை வராது"ன்னுதான் ஆரம்பிப்பார். நீ, அழிச்சா திரும்ப வராததை எல்லாம் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருந்த. அதைத் தூக்கி மேல போடு. பழசுன்னு எழுதினா எத்தனை நாள் பழசுன்னு எழுது. காலி பண்றதுக்கு முன்னாடி, எதெது போகப் போகுதுன்னு ஒரு பட்டியல் காட்டச் சொல்லு.

அப்புறம் அந்த எடுத்துக்காட்டு. கேட்காம முடிக்கிற ஆப்ஷனை எல்லாத்துலயும் போட்டிருக்கேன்னு சொன்னியே, அதை எடுத்துடு. அது கேட்கட்டும். எப்பெப்ப நிறுத்திக் கேட்கணும், யாரைக் கேட்கணும்னு எழுது. எரிச்சல் படுறவங்க படட்டும்டா, எரிச்சல்ல யாரும் செத்ததில்லை. எழுதி முடிச்சிட்டு, உங்க டீமுக்கு சம்பந்தமே இல்லாத ஒருத்தர்கிட்ட அந்தப் பக்கத்தை மட்டும் கொடுத்து, இதை வச்சிக்கினு நீ இன்னா பண்ணுவன்னு கேட்டுப் பாரு. நீ பக்கத்துல நின்னு வாயால எதையும் சொல்லாத. திங்கக்கிழமைக்குள்ள முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. மேனேஜர் கத்துவார். கத்தினா கத்தட்டும், நான் கத்தினதை விடவா?

இதை எழுதறதுக்கு முன்னாடி நேத்து காட்டூர் போயிட்டு வந்தேன். அவர் இப்ப நாலு மாடு வச்சிருக்கார், பால் ஊத்துறார். என்னைப் பார்த்ததும் கையில இருந்த தீவனத்தைப் போட்டுட்டு, "அக்கா, வாங்க, தம்பி நல்லா கீறாரா"ன்னு கேட்டுக்கினே நாற்காலியைத் துடைச்சுப் போட்டார். நான் உட்காரலை. நின்னுக்கினே எல்லாத்தையும் சொன்னேன். பதிமூணு வருஷமா வச்சிருந்தது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. "கூட்டத்துல ஏன் சொல்லலை"ன்னு நானே கேட்டேன். "அன்னிக்குதான் தாலியை எடுத்துட்டு உக்காந்து கீறீங்க. உங்க மேல கையைக் காட்டச் சொல்றீங்களா? ரெண்டு அடிதானேன்னு வாங்கிக்கினேன்"ன்னார். நான் அவர் கால்ல விழப் போனேன், சட்டுனு பின்னால நகர்ந்துட்டார். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கினு ஒண்ணு சொன்னார். "அக்கா, நீங்க திட்டினதுக்கு அப்புறமும் நான் இன்னொரு வாட்டி உங்களுக்குப் போன் பண்ணியிருக்கணும். நம்பரைப் போட்டேன், ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். திட்டுவீங்கன்னு பயம். அதுதான் இன்னி வரைக்கும் என்னைத் தின்னுக்கினு கீது."

கேட்டியா கண்ணு? நான் பண்ணின தப்புக்கு அந்த மனுஷன், தான்தான் கொன்னுட்டோம்னு நினைச்சிக்கினு பதிமூணு வருஷம் படுத்து எழுந்திருக்கார். அங்கேயே மாட்டுக் கொட்டகையில உட்கார்ந்து ஓன்னு அழுதேன். உங்க நைனா செத்தப்போ வராத அழுகை.

நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கோயிலாண்ட ஊர்க்கூட்டம் இருக்குது. நம்ம ஊர்க்கூட்டத்துல பொம்பளைங்க எழுந்து பேசினது கிடையாது, உனக்கே தெரியும். நான் பேசப் போறேன். நோட்டுல எழுதினதையும் சொல்லுவேன், போன்ல கத்தினதையும் சொல்லுவேன். ஊர்த் தலைவர் நாட்டார்கிட்ட இன்னிக்குக் காலையில சொல்லிட்டேன், இன்னா விஷயம்னு கேட்டார், அன்னிக்குத்தான் சொல்லுவேன்னேன். ஏழுமலை மாமா முகத்தை எப்படிப் பார்ப்பேன்னு தெரியலை. ஸ்டோர் சாவியை வாங்கிக்குவாங்க, தண்ணி புடிக்கிற இடத்துல யாரும் என்கூடப் பேச மாட்டாங்க, அதெல்லாம் வரட்டும். என் பயமெல்லாம் நீதான்டா. இதைப் படிச்சிட்டு நீ இனிமே என்னை அம்மான்னு கூப்பிடுவியா மாட்டியா, அதுதான் தெரியலை.

சேகரையும் வரச் சொல்லியிருக்கேன். வேணாம்க்கான்னு எவ்வளவோ சொன்னார், கெஞ்சி ஒத்துக்க வச்சேன். அந்த அடி வாங்கின நாளுக்கு அப்புறம் அவர் நம்ம ஊர் மண்ணை மிதிச்சதில்லை. கூட்டத்துல எங்க உட்காருறதுன்னுகூட அவருக்குத் தெரியாது, நிச்சயமா தனியாத்தான் ஒரு ஓரமா உட்காருவார். நீ வருவியா, வர மாட்டியான்னு நான் கேட்க மாட்டேன். வந்தா, என்கிட்ட வராத. நேரா போயி அவர் பக்கத்துல உட்காரு.